27-ல் போட்ட பூட்டு

நங்கநல்லூரில் எங்கள் ஃபிளாட் மூன்றாவது மாடி. அதற்கு மேல் மொட்டை மாடிதான். பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட், ராத்திரி பதினோரு மணிக்கு அதை எங்கள் தலையில் கக்கும். அந்த வீட்டில் 79 வயது அம்மாவுக்கு நான் ஒரு சட்டம் போட்டிருந்தேன். ஏசி 27-க்குக் கீழே போகக் கூடாது, ஒரு மணி நேரம் டைமர், அப்புறம் ஃபேன். "திண்ணையில படுத்து வளர்ந்தவதானே நீ?" என்று வேறு கேட்பேன். அவள் பதில் சொல்ல மாட்டாள். முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு படுத்துவிடுவாள்.

ஒரு மே மாதம் தலைசுற்றி விழுந்தாள். டிரிப்ஸ் ஏற்றிக் கூட்டிவந்தோம். அதன் பிறகு டைமரை ஒன்றரை மணி நேரமாக்கினேன். ஒப்புக்கொள்ள வேண்டியது இதைத்தான்: அந்த அரை மணி நேரத்தைப் பெரிய தாராளம் என்று நினைத்தேன்.

அடுத்த ஜனவரியில் மகளின் பிரசவத்துக்காக டொரண்டோ போனோம். ஸ்கார்பரோவில் வீடு. வெளியே மைனஸ் 15, உள்ளே 22. மூன்றாம் நாள் ராத்திரி எனக்குக் கால் சில்லிட்டது. எல்லோரும் தூங்கிய பிறகு எழுந்துபோய் தெர்மோஸ்டாட்டை 24-க்கு ஏற்றினேன். மறுநாளும் ஏற்றினேன். ஒரு வாரத்தில் மகள் கண்டுபிடித்துவிட்டாள். "பாட்டிக்கு 27, உங்களுக்கு 24-ஆப்பா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"குளிர் வேறம்மா. அது உயிருக்கே ஆபத்து" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அந்த டிரிப்ஸ் பாட்டில் ஞாபகம் வந்தது.

அந்த மாத கேஸ் பில் வந்தபோது நானே கேட்டு வாங்கிப் பார்த்தேன். 400 கன மீட்டர். ஒரு கன மீட்டர் எரிவாயுவில் நம் கரண்ட் கணக்குப்படி சுமார் பத்தரை யூனிட் ஆற்றல் இருக்கிறது. ஆக 4,200 யூனிட். வெந்நீருக்கும் அடுப்புக்கும் கழித்தாலும் 3,500. பில்லின் பின்புறத்தில் இன்னொரு கணக்கும் போட்டேன். அம்மா என் சட்டத்தை மீறி இரவு எட்டு மணி நேரமும் ஏசி ஓட்டியிருந்தால்? ஒரு டன் ஏசி, ஒரு ராத்திரிக்கு ஐந்தாறு யூனிட். மாதம் 180.

மாப்பிள்ளை எட்டிப் பார்த்துத் திருத்தினார். "மாமா, அங்க கரண்ட் பெரும்பாலும் நிலக்கரி. எரிக்கிறதுல மூணுல ஒரு பங்குதான் கரண்டா வருது. மூணால பெருக்குங்க." பெருக்கினேன். 540. ஒரு முழு வீட்டையும் ஓர் அறையையும் ஒப்பிடுவது நியாயமில்லைதான். ஆனால் நான் சட்டம் போட்டது அந்த ஓர் அறைக்குத்தானே.

இந்த வித்தியாசத்துக்குக் காரணம் ஒன்றும் மாயமில்லை. மைனஸ் 15-க்கும் 22-க்கும் இடையே 37 டிகிரி. நங்கநல்லூரில் வெளியே 40 கொதித்தாலும் உள்ளே 26 போதும், 14 டிகிரிதான். அதோடு டொரண்டோவில் ஃபர்னஸ் எரிவாயுவை எரித்து வெப்பத்தை உண்டாக்குகிறது. ஒரு யூனிட் எரித்தால் ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவாகவே வரும். ஏசி எதையும் உண்டாக்குவதில்லை. இருக்கிற வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுகிறது. ஒரு யூனிட் கரண்டில் மூன்று யூனிட்டுக்கும் மேல் அள்ளும். 2013-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் சிவாக் அமெரிக்க நகரங்களை இப்படி ஒப்பிட்டார். குளிரில் உறையும் மினியாபொலிஸில் வாழ, புழுங்கும் மயாமியைவிட சுமார் மூன்றரை மடங்கு ஆற்றல் வேண்டும் என்று அவர் கணக்கு வந்தது.

டிகிரி-நாள் என்றொரு அளவு உண்டு. ஒரு நாளின் சராசரி வெப்பம் 18 டிகிரியிலிருந்து எத்தனை விலகுகிறதோ, அதை வருடம் முழுக்கக் கூட்டுவது. சென்னையின் சராசரி 28-க்கு மேல். தினம் பத்து டிகிரி என்றாலே வருடத்துக்கு 3,650. டொரண்டோவின் குளிர்க் கணக்கும் 3,500-ஐத் தாண்டும். பார்த்தால் இரண்டு ஊரும் சமம்! ஆனால் 18 டிகிரியில் சென்னையில் எவன் ஏசி போடுவான்? மங்கி குல்லாவைத் தேடுவான். அடிக்கோட்டை 24-க்கு நகர்த்தினால் நம் கணக்கு பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. இந்த அளவு நம் புழுக்கத்தைப் பார்ப்பதில்லை என்பதும் உண்மை. காற்றிலிருந்து தண்ணீரைப் பிழிவதற்கே ஏசி நிறையச் செலவழிக்கிறது. எங்கள் பால்கனியில் ஏசிக் குழாயிலிருந்து சொட்டும் நீரை அம்மா பக்கெட்டில் பிடித்துக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுவாள். அந்தப் பக்கெட்டில் இருப்பதும் கரண்ட் செலவுதான்.

அக்னி நட்சத்திரத்துக்கு ஒரு வாரம் முன்பு ஊர் திரும்பினோம். முதல் வேலையாக மொட்டை மாடிக்கு வெள்ளைப் பூச்சு அடித்தேன். ராத்திரி அம்மாவின் அறைக்குப் போய் ஏசியை 25-ல் வைத்து, டைமரை எடுத்துவிட்டேன். "விடிய விடிய ஓடட்டும்மா" என்றேன்.

ஒன்றரை மணி நேரம் கழித்துத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். அவள் அறையில் ஏசிச் சத்தம் இல்லை. எட்டிப் பார்த்தேன். இருட்டில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள்.

"நேரமாச்சேன்னு நான்தாண்டா அணைச்சேன்" என்றாள்.