தங்கச்சி நெஞ்சுக்குள்ள நிட்டினால்

மெட்டீரியல் சயின்ஸ் பேப்பர்ல ஷேப் மெமரி அலாய் அடிக்கடி வரும் ரெண்டு மார்க் கேள்வி. 'எ.கா: நிட்டினால்' என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். நிக்கலும் டைட்டானியமும் ஏறக்குறைய சரிபாதி. எங்கள் வீட்டில் அந்தப் பேருக்கு மரியாதை கொஞ்சம் அதிகம். என் தங்கச்சியின் இதயத்துக்குள் அது இருக்கிறது.

இதயத்தின் மேலறைகள் இரண்டுக்கும் நடுச்சுவரில் அவளுக்குப் பிறவியிலேயே ஓட்டை. ஏ.எஸ்.டி. என்பார்கள். இடது அறை ரத்தம் அதன் வழியே வலது பக்கம் வந்து மறுபடியும் நுரையீரலுக்கே போகும். அந்தக் கூடுதல் சுமையில் வலது பக்கம் மெல்லப் பெரிதாகும். பிள்ளை பாட்டுக்கு ஓடியாடி விளையாடும், வெளியே ஒன்றும் தெரியாது. ஆறு வயதில் சளிக்குக் காட்டப் போன இடத்தில், டாக்டர் வைத்த ஸ்டெதாஸ்கோப்பை ரொம்ப நேரம் எடுக்கவில்லை. அப்புறம் எக்கோ.

"பொம்பளப் புள்ளைக்கு நெஞ்சுல தழும்பா?" என்று அப்பத்தா புலம்ப ஆரம்பித்துவிட்டது. "தழும்பு கெடக்கட்டும் அத்தை, புள்ள நல்லா இருந்தாப் போதும்" என்றார் அம்மா.

டாக்டர் பேப்பரில் வரைந்து காட்டினார். தொடை இடுக்கில் ஊசித் துளை. அங்கிருந்து ரத்தக்குழாய் வழியே இதயம் வரை ஒரு மெல்லிய குழாய். அதற்குள் நிட்டினால் கம்பியில் பின்னிய இரண்டு தட்டுகள், நடுவில் சின்ன இடுப்பு. இழுத்தால் நீண்டு குழாய்க்குள் அடங்கும். வெளியே தள்ளினால் பழைய வடிவத்துக்கு விரியும். நாம் படிக்கும் சூப்பர் எலாஸ்டிசிட்டி இதுதான். முதல் தட்டு இடது அறையில், இடுப்பு ஓட்டைக்குள், இரண்டாவது தட்டு வலது அறையில். இந்த வடிவத்தை உருவாக்கியவர் கர்ட் ஆம்ப்ளாட்ஸ் என்ற ரேடியாலஜிஸ்ட். அமெரிக்காவில் இதற்கு 2001ல் அனுமதி கிடைத்தது.

"எல்லா ஓட்டைக்கும் இது ஆகாது. தட்டு பிடிச்சுக்கச் சுத்தி விளிம்பு வேணும். பத்தலைன்னா ஆபரேஷன்தான். உள்ள போய்ப் பார்த்துதான் முடிவா சொல்ல முடியும்" என்றார்.

அன்று கேத் லேப் வாசலில் அப்பா உட்காரவே இல்லை. டாக்டர் வெளியே வந்து, "நல்லா உக்காந்துடுச்சு" என்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "கழண்டு வந்துடாதே சார்?"

"இழுத்துப் பார்த்துட்டுதான் விட்டோம்."

அந்தப் பதில்தான் இன்னும் என் மண்டைக்குள் இருக்கிறது. தட்டுகள் விரிந்த பிறகும் கேபிளின் நுனியில், தோட்டுத் திருகாணி மாதிரி, சாதனம் முடுக்கியே இருக்கும். முன்னும் பின்னும் அசைத்துப் பார்ப்பார்கள். எக்கோவில் பார்ப்பார்கள். சரியில்லை என்றால் மறுபடி குழாய்க்குள் இழுத்துக்கொள்ளலாம். எல்லாம் திருப்தியான பிறகுதான் திருகைக் கழற்றுவார்கள்.

மறுநாளே வீட்டுக்கு வந்துவிட்டாள். ஆறு மாதம் ஆஸ்பிரின். அதற்குள் சாதனத்தின் மேல் அவளுடைய சொந்தத் திசுவே வளர்ந்து மூடிக்கொள்ளும்.

உள்ளே போய் விரியும் உலோகம் பெரிய விஷயம்தான். ஆனால் கடைசித் திருகு வரை திரும்பி வர வழி வைத்தது அதைவிடப் பெரிய டிசைன் என்று எனக்குப் படுகிறது. அந்த வழி இருந்ததால்தான் ஆறு வயதுப் பிள்ளையின் இதயத்தில் ஒருவரால் துணிந்து கைவைக்க முடிந்தது.