பூட்டுண்ட கோப்புகளும் அப்பாயியின் குரலும்

முன்னாளில் தமிழகத்தின் தென்பகுதிகளில் 'துப்புக்கூலி' என்றொரு வழக்கு நிலவியது. தொழுவிற் கட்டியிருந்த மாட்டை இரவில் எவரோ ஓட்டிச் செல்வர். இரண்டொரு நாள் கழித்து ஒருவர் வந்து, இன்ன தொகை கொடுத்தால் மாடு இன்ன இடத்தில் நிற்கும் எனத் துப்புரைப்பர். கேட்கும் தொகை மாட்டின் விலையிற் குறைந்ததாகவே இருக்கும். ஆதலின் உடையவரும் வாய்பேசாது கொடுத்து மீட்டுக்கொள்வர். இக்காலத்தில் 'ரான்சம்வேர்' என வழங்கும் தீநிரலை நேயர்கட்கு விளக்குதற்கு இதனினும் பொருத்தமான உவமை எமக்குத் தோன்றவில்லை. வேற்றுமை ஒன்றே. இங்கு மாடு தொழுவை விட்டு அகல்வதில்லை. உடையவர் கண்முன்னே தன் தறியிலேயே நிற்கிறது. ஆயின் அவரால் அதனைக் கறக்கவும் இயலாது, அவிழ்க்கவும் இயலாது.

இத்தொழில் நேற்றுத் தோன்றியதன்று. 1989-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் ஜோசப் பாப் என்னும் அமெரிக்க உயிரியலார், எய்ட்ஸ் நோயைப் பற்றிய செய்திகள் அடங்கியவை என்று சொல்லி, ஏறத்தாழ 20,000 நெகிழ்தட்டுகளை அஞ்சல் வழியாகப் பல நாட்டார்க்கும் அனுப்பினார். அவற்றை இட்ட கணினிகள் சின்னாளில் முடங்கின. பனாமா நாட்டு அஞ்சற்பெட்டி ஒன்றிற்கு 189 டாலர் அனுப்புமாறு திரையில் எழுத்துத் தோன்றியது. 2017 மே 12-இல் எழுந்த 'வான்னாக்ரை' சுமார் 150 நாடுகளிற் பரவி, இங்கிலாந்தின் மருத்துவமனைகளை நிலைகுலையச் செய்தது. 2024 ஜூலை இறுதியில் நம் நாட்டிற் சிறு வங்கிகட்குக் கணினிப்பணி புரியும் சி-எட்ஜ் நிறுவனம் தாக்குண்டபோது, கூட்டுறவு வங்கிகளும் கிராம வங்கிகளுமாக ஏறத்தாழ 300 வங்கிகளின் பணப்பரிமாற்றம் தடைப்பட்டது. பெரிய இடங்களில் நேர்பவை செய்தித்தாளில் வருகின்றன. சிறிய இல்லங்களில் நேர்வதை அண்டை வீட்டாரும் அறியார்.

எம் இல்லத்தில் அது நேர்ந்தது 2023-ஆம் ஆண்டு ஐப்பசியில். குடமுருட்டிக் கரையில் உள்ளது எம் ஊர். அவ்வாண்டு மேட்டூர் அணை அக்டோபர் 10-ஆம் நாளே பாசனத்திற்கு மூடப்பட்டமையால் ஊரெங்கும் நீரைப் பற்றிய பேச்சே. சம்பாவை நம்பலாமா என்னும் கவலையில் இருந்த எம் தந்தையார், வீட்டுக் கணினி மெல்ல இயங்குகிறது என்று ஒருவரை வரவழைத்தார். வந்தவர், விலைக்குரிய மென்பொருள் ஒன்றை விலையின்றித் தருவதாகக் கூறி, இணையத்திலிருந்து எதனையோ இறக்கி இயக்கினார். விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொள்வது போன்ற சாளரம் ஒன்று தோன்றியது. "முடியட்டும் ஐயா, அணைக்க வேண்டாம்" என்று சொல்லிக் கூலி பெற்றுக்கொண்டு அவர் போயினார். அச்சாளரம் வெறுந் திரைச்சீலை. அதன் மறைவில் எம் கோப்புகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டுக்கொண்டிருந்தன.

மாலையில் நோக்கியபோது, ஒவ்வொரு கோப்பின் பெயர்க்குப் பின்னும் பொருளற்ற நான்கு எழுத்துகள் வாலாக முளைத்திருந்தன. ஒவ்வொரு கோப்புறையிலும் ஓர் ஓலை கிடந்தது. 980 டாலர் செலுத்துக. 72 மணி நேரத்திற்குள் எழுதினால் பாதியாகிய 490 டாலர் போதும் என்பது அதன் சாரம். தள்ளுபடி விற்பனைக்காரரின் நயத்தோடு எழுதப்பட்டிருந்த அவ்வோலையைப் படித்தபோது எமக்குச் சினத்தினும் நகையே முந்தியது என்பதை மறையாது கூறுகிறோம். 490 டாலர் அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 40,000 ரூபாய். அப்பருவத்தில் நேரடி நெல் கொள்முதல் நிலையத்திற் பொதுரக நெல் குவிண்டாலுக்கு 2,265 ரூபாய். நாற்பது கிலோச் சிப்பமாகக் கணக்கிட்டால் நாற்பத்தைந்து சிப்பத்தை நெருங்கும். விளையுமோ விளையாதோ என்றிருந்த ஆண்டில் நாற்பத்தைந்து சிப்பம்!

பூட்டுண்டவற்றுள் நிலத்தின் சிட்டா, அடங்கல் நகல்களும், பயிர்க் காப்பீட்டுத் தாள்களும் இருந்தன. அவற்றை மீண்டும் பெறலாம். நிழற்படங்களிற் பல உறவினர் கைப்பேசிகளில் இருந்தன. எங்கும் மறுபடி இல்லாதது ஒன்றே. எம் அப்பாயி, அதாவது தந்தையாரைப் பெற்ற மூதாட்டியார், இளமையில் நடவு வயலிற் பாட்டெடுத்துக் கொடுப்பவராக இருந்தவர். ஒருவர் எடுத்துப் பாட, மற்றை மகளிர் வாங்கிப் பாடுவது அவ்வயற்பாட்டின் முறை. பள்ளி ஆசிரியையாகிய எம் அத்தையார், அப்பாயி பாடிய ஒன்பது பாட்டுகளைக் கைப்பேசியிற் பதிவு செய்து, சொற்களையும் தட்டெழுதி, அவற்றிற்குக் குறிப்பும் வரைந்து கணினியிற் சேர்த்திருந்தார். கைப்பேசி பின்னர் வாய்க்காலில் விழுந்து கெட்டது. அப்பாயி 2021-இல் மறைந்தார். ஆக, அக்குரல் இவ்வுலகில் இருந்த ஒரே இடம் பூட்டப்பட்ட அப்பெட்டிதான்.

செய்தி கேட்டு அத்தையார் அன்றிரவே வந்துவிட்டார். "பணத்தைக் கட்டிவிடலாமா தம்பி? வளையலை வைத்தால் ஆகாதா?" என்று எம்மிடம் கேட்டார். தந்தையார் விடையிறுக்கவில்லை. தமக்கையாரின் வளையலை அடகுக்கு அனுப்பவும் அவர்க்கு மனமில்லை. தாயாரின் குரலை விடுக என்று சொல்லவும் நாவெழவில்லை. பொறியியல் பயின்ற எம் பெரியப்பா மகனாகிய அண்ணன்தான், "மூன்று நாள் இருக்கிறதே, அத்தை. பணம் கொடுத்தவர்க்கெல்லாம் திறவுகோல் வந்தது என்பதற்கு உறுதி இல்லை. முதலில் என்ன பூட்டு என்று பார்ப்போம்" என்றார். 1930 என்னும் எண்ணிற்கு முறையீடும் செய்தோம்.

முதலில் கணினியை இணையத்திலிருந்து பிரித்தார். பின்பு பூட்டுண்ட கோப்புகள் அனைத்தையும் அவ்வண்ணமே வேறொரு வட்டிற்குப் படியெடுத்தார். பூட்டிய கோப்புகளை எதற்குக் காக்க வேண்டும் என்று வினவினோம். 'கிரிப்டோலாக்கர்' என்னும் தீநிரலுக்கு உரிய திறவுகோல்கள், பல நாட்டுக் காவலர் அக்கூட்டத்தை மடக்கிய பின்னர் 2014-இல் வெளிவந்தன என்றும், குப்பையென்று எறிந்தவர்க்கு அவை வந்தும் பயனில்லாது போயிற்று என்றும் விளக்கினார்.

அதன்பின் தீநிரலை நீக்கினார். எம்மைப் பற்றியது 'ஸ்டாப்' அல்லது 'டிஜாவூ' எனப் பெயர் கொண்ட இனம். வீட்டுக் கணினிகளை மிகுதியும் பற்றுவது. பூட்டுடைத்த மென்பொருளோடு வருவது. அது தன் படி ஒன்றைப் பயனர் கோப்புறையில் ஒளித்துவைத்து, சில நிமிடங்கட்கு ஒருமுறை தன்னை எழுப்புமாறு கணினியின் பணிப்பட்டியலில் எழுதிவைக்கிறது. ஆதலின் புதிதாக எக்கோப்பை இட்டாலும் அதுவும் பூட்டுண்ணும். மேலும், உதவி நல்கும் இணையத்தளங்கள் திறவாதபடி முகவரிக் கோப்பிலும் கைவைக்கிறது. வைத்தியர் வீட்டுக்குச் செல்லும் வழியில் முள்வெட்டிப் போடுவது போல. கணினியைப் பாதுகாப்பு முறையில் எழுப்பி, பணிப்பட்டியலில் இருந்த வரியை அழித்து, ஒளிந்திருந்த படியைக் களைந்து, முகவரிக் கோப்பைச் செம்மைசெய்து, தூய கணினி ஒன்றிலிருந்து கொணர்ந்த கருவியால் இருமுறை சோதித்தார். இவ்வினத்தோடு கடவுச்சொற்களைக் களவாடும் நிரலும் துணையாக வருவதுண்டு. அதனால் வங்கி, மின்னஞ்சல் ஆகியவற்றின் கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்றினோம். இரண்டு மணி நேரத்தில் இவ்வளவும் முடிந்தன.

நாங்கள் மகிழ்ந்தோம். அண்ணன் மகிழவில்லை. கள்வன் வெளியேறிவிட்டான், அவன் இட்ட பூட்டு அப்படியே இருந்தது. தீநிரலை நீக்குவது வேறு, கோப்பை மீட்பது வேறு என்பதை அன்றுதான் யாம் தெளிவுற உணர்ந்தோம். பூட்டின் இயல்பை அவர் கோயிற் காணிக்கைப்பெட்டியைக் காட்டி விளக்கினார். வாயிலில் உள்ள பெட்டியிற் காசு இடுதல் எவர்க்கும் எளிது. எடுத்தல் திறவுகோல் உடையவர் ஒருவர்க்கே இயலும். இத்தீநிரலும் பூட்டுவதற்குரிய எண்ணை மட்டுமே உடன்கொண்டு வருகிறது; திறப்பதற்குரிய எண் கள்வரிடம் தங்கிவிடுகிறது. கணினி முழுவதையும் துருவினும் அஃது அங்கு இல்லை. 1989-இன் பூட்டு அத்தகையதன்று. திறக்கும் வழி நிரலுக்குள்ளேயே இருந்தமையால் அறிஞர் அதனை விரைவில் உடைத்தனர்.

எனினும் ஒரு நப்பாசை. நெதர்லாந்துக் காவலரும் ஐரோப்பியக் காவலமைப்பும் பாதுகாப்பு நிறுவனங்களும் கூடி 2016-இல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' என்னும் தளத்தில் மீட்புக் கருவிகள் விலையின்றிக் கிடைக்கின்றன. 2019 அக்டோபரில் எம்சிசாஃப்ட் நிறுவனம் இவ்வினத்தின் 148 வகைகட்குக் கருவி வெளியிட்டது. பின்னர்த் தோன்றிய வகைகளில், பூட்டும் வேளையிற் கள்வரின் கணினியோடு தொடர்பு கிட்டாதிருந்தால் மட்டுமே பலர்க்கும் பொதுவான எண் பயன்படும். அவ்வெண் வெளிப்பட்டால் மீட்பும் உண்டு. ஓலையில் உள்ள அடையாளக் குறி 't1' என்பதற்கிணையான 'டி-ஒன்று' என்னும் எழுத்தில் முடிந்தால் அது பொதுவெண் என்பர். எங்கள் குறி அவ்வாறு முடியவில்லை. அன்று இணையத்தொடர்பு நன்றாகவே இருந்தது.

அத்தையார் எழுந்து கொல்லைப்புறம் சென்றுவிட்டார்.

மூன்றாம் நாள் காலையில் அண்ணன் ஒரு நுட்பத்தைக் கண்டார். இத்தீநிரல் விரைவை வேண்டுவது. பெருங்கோப்பு முழுவதையும் பூட்டிக்கொண்டிருந்தால் எவரேனும் கண்டு அணைத்துவிடுவர் அல்லவா? ஆதலின் ஒவ்வொரு கோப்பிலும் முதல் 150 கிலோபைட் அளவை மட்டுமே பூட்டி, எஞ்சியதைத் தொடாது விடுகிறது. எழுத்துக் கோப்பு பெரும்பாலும் அவ்வளவிற்குள்ளேயே அடங்கிவிடும். அதற்கு முழு அழிவு. பாட்டுப் பதிவோ பல மெகாபைட். எம்பி-3 வகைப் பதிவு சிறு சிறு துண்டுகளால் ஆயது. தலை போனாலும், இடையிலிருந்து அடுத்த துண்டைப் பற்றிக்கொண்டு ஒலிக்கவல்லது. எங்கள் பதிவுகளில் 150 கிலோபைட் என்பது பத்து நொடிக்குச் சற்றுக் குறைவு. பூட்டுண்ட தலைப்பகுதியை வெட்டி, வாலெழுத்துகளையும் நீக்கி, முதற்பாட்டை இயக்கினார்.

அப்பாயி பாடினார்.

தந்தையார் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். ஒன்பதும் மீண்டன. ஐந்திற் போனவை பாட்டல்ல. "பாடுங்கள் அம்மா" என்னும் அத்தையாரின் வேண்டுதலும் அப்பாயியின் செருமலும் போயின. நான்கில் முதலடி போயிற்று. அவற்றுள் இரண்டில், அவ்வடியே இடையிடையே மீள்வதால் எளிதிற் கண்டுகொண்டோம். மூன்றாவதன் தொடக்கத்தை, அப்பாயியோடு நடவு நட்ட கீழைத்தெரு மூதாட்டியார் ஒருவர், கேட்ட மாத்திரத்தே எடுத்துப் பாடிக் காட்டினார். அதுவும் எங்கள் பதிவில் உள்ளதினும் உயர்ந்த சுருதியில். நான்காவதன் முதலடியை அவரும் அறியார். ஒரு சொல்லும் நினைவில் இல்லை என்று கைவிரித்தார்.

அத்தையார் தட்டெழுதிய சொற்களும் குறிப்பும் மீளவில்லை. கடந்த கோடை விடுமுறையில் யாமும் அவரும் அமர்ந்து, பதிவுகளைக் கேட்டுக் கேட்டுச் சொற்களை மீண்டும் எழுதினோம். சில வட்டாரச் சொற்களுக்கு அவர் முன்பு அப்பாயியைக் கேட்டு எழுதிய பொருள் இருந்தது. இப்போது கேட்பதற்கு ஆளில்லை. அவ்விடங்களைக் கோடிட்டு விட்டிருக்கிறோம். ஒலிப்பதிவின் படிகள் இரண்டு பென் டிரைவ்களில், ஒன்று எம் வீட்டிலும் ஒன்று கும்பகோணத்தில் அத்தையார் வீட்டிலும் உள்ளன. பூட்டுண்ட குறிப்புகள் அடங்கிய வட்டு, பழந்துணியிற் சுற்றப்பட்டு, நிலப்பத்திரங்களோடு எம் தந்தையாரின் பீரோவில் இருக்கிறது. திறவுகோல் ஏதேனும் வெளிவந்துள்ளதா என்று அண்ணன் அவ்வப்போது பார்த்துச் சொல்கிறார்.