ஆளைத் தேடு

அன்புள்ள தம்பிக்கு,

தினமும் ராத்திரி வேலை விளம்பரங்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய் என்று அம்மா போனில் சொன்னாள். தீசிஸ் கொடுக்க இன்னும் முக்கால் வருஷம் இருக்கும்போதே ஆரம்பித்தது நல்லதுதான். ஆனால் போஸ்ட்டாக் இடங்களில் பல, விளம்பரத்துக்கே வராது. வருவதிலும் சிலவற்றில் ஆளை ஏற்கெனவே மனதில் முடிவு செய்திருப்பார்கள்.

நீ ஆளைத் தேடு. உன் தீசிஸின் மேற்கோள் பட்டியலில் திரும்பத் திரும்ப வரும் ஐந்தாறு பெயர்களை எடுத்துக்கொள். உன் தலைப்பான சோடியம் பேட்டரிக்கான திட எலக்ட்ரோலைட் வேலை இங்கே ஜெர்மனியில் கீஸனிலும் யூலிஷிலும் நடக்கிறது. உல்மில் பேட்டரிக்கென்றே ஹெல்ம்ஹோல்ட்ஸ் நிறுவனம் ஒன்று 2011 முதல் இருக்கிறது.

அவர்களுக்கு மெயில் எழுதும்போது “தங்கள் ஆய்வு என்னை வெகுவாகக் கவர்ந்தது” என்று எழுதிவிடாதே. அந்த ரக மெயில்கள் எங்கள் பேராசிரியருக்கு வந்து குவிகின்றன, பாதியைத் திறக்காமலே அழித்துவிடுவார். போன வருஷம் ஒரு பையன் எங்கள் பேப்பரில் உள்ள இம்பீடன்ஸ் படத்தைக் குறிப்பிட்டு, “இந்த அரைவட்டத்தைத் துகள் எல்லையின் மின்தடை என்கிறீர்கள்; எங்கள் மாதிரியில் சூடாக்கும் வெப்பநிலையை மாற்றியும் அது மாறவில்லையே, ஏன்?” என்று கேட்டு எழுதினான். அன்று மாலையே அவனுக்குப் பதில் போயிற்று.

“இடம் இருக்கிறதா?” என்று கேட்டால் இல்லை என்றுதான் வரும், நீ எழுதும் பேராசிரியர் கையில் பணம் இருக்காது. “உங்களோடு சேர்ந்து ஹம்போல்ட் ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பிக்கலாமா?” என்று கேள். பிஎச்.டி. முடித்து 4 வருஷத்துக்குள் இருந்தால் போதும், கடைசித் தேதி கிடையாது, 24 மாதம் வரை கிடைக்கும். மேரி கியூரி ஃபெலோஷிப்புக்கு வருஷத்தில் ஒரே தடவை, வழக்கமாக செப்டம்பரில் கெடு. அந்தத் தேதிக்குள் உன் வைவா முடிந்திருக்க வேண்டும். நம்மூரில் தீசிஸ் வெளித் தேர்வாளரிடம் போய்த் திரும்பவே மாதக்கணக்கில் ஆகும் என்பதை மறந்துவிட்டுக் கணக்குப் போடாதே. மேரி கியூரிக்கு 2024-இல் 10,360 பேர் விண்ணப்பித்து 1,696 பேருக்குத்தான் கிடைத்தது. அதனால் அதை மட்டும் நம்பி உட்காராதே. ஊரிலேயே இருக்கும் தேசிய போஸ்ட்டாக் ஃபெலோஷிப்புக்கும் போட்டு வை.

பணம் எந்த வகையில் வருகிறது என்றும் பார். மேரி கியூரி என்றால் பெரும்பாலும் வேலை ஒப்பந்தம், காப்பீடும் ஓய்வூதியமும் அதிலேயே பிடித்துக் கட்டிவிடுவார்கள். ஹம்போல்ட் என்றால் உதவித்தொகை, கையில் நிறைய நிற்கிற மாதிரி தெரியும், ஓய்வூதியக் கணக்கில் ஒன்றும் ஏறாது.

யாராவது வா என்று சொன்னால் அன்றே தலையாட்டாதே. அந்த லேபை விட்டுப் போனவர்கள் இரண்டு பேரிடமாவது பேசு. இப்போது அங்கே இருப்பவர்கள் மனம் விட்டுச் சொல்ல மாட்டார்கள். போனவர்கள் எங்கே வேலையில் இருக்கிறார்கள், போகும்போது தங்கள் வேலையில் கொஞ்சத்தை எடுத்துப்போகப் பேராசிரியர் விட்டாரா என்று கேள். எனக்கு லேபின் பெயரைவிட இதுதான் முக்கியம்.

உன் கைடிடம் சிபாரிசுக் கடிதத்துக்கு இப்போதே சொல்லி வை, அவர் நிதானம் உனக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமைக்குள் முதல் மெயிலின் வரைவை அனுப்பு, ஒரு பக்கத்துக்கு மேல் போனால் படிக்க மாட்டேன்.

அன்புடன்,
அக்கா