அடுத்த வீட்டுக் கூண்டு

"மாசி மகத்துக்கு இந்தத் தடவையாவது வந்துட்டுப் போடா" என்று பெரியம்மா மகள், எங்கள் மூத்த அக்கா, மூன்று வருடமாகத் தொலைபேசியில் அழைத்துக்கொண்டே இருந்தார். மலாக்காவில் மாசி மகம் என்றால் செங் சன்னாசிமலை நினைவுக்கு வராத தமிழர் இருக்க முடியாது. இந்த முறை ஒரு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு புறப்பட்டே விட்டேன்.

மலாக்கா செண்ட்ரலில் இறங்கி ஜாசின் பஸ்ஸைப் பிடித்தேன். பெம்பான் தாண்டியதும் கண்ணுக்கு எட்டிய தூரம் செம்பனைதான். நான் சிறுவனாக வந்த காலத்தில் இங்கெல்லாம் ரப்பர் நிழல் இருந்தது. மலாயாவில் வியாபாரத்துக்கென்று முதன்முதலில் ரப்பர் பயிரிட்டது இந்த மலாக்கா மண்ணில்தான். 1896-ஆம் ஆண்டு டான் சாய் யான் என்ற சீனர் புக்கிட் லிந்தாங்கில் அதைத் தொடங்கி வைத்தார். தென் அமெரிக்கக் காட்டில் பிறந்த ஒரு மரம் கடல் தாண்டி இங்கே வந்தது. அதற்குப் பால் வெட்ட நம் தாத்தா பாட்டிமாரும் கடல் தாண்டி வந்தார்கள்.

அதே தென் அமெரிக்காவிலிருந்து வந்த இன்னொரு ஜீவனை இந்தப் பயணத்தில் சந்திப்பேன் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

கத்தி பட்டால் கத்தும் குரல்

அக்கா இருக்கும் தோட்டத்தின் பெயர் வேண்டாம். காரணம் போகப் போக வாசகர்களுக்கே விளங்கும். பழைய லயத்தில் இப்போது பத்துப் பன்னிரண்டு தமிழ்க் குடும்பங்கள்தாம் இருக்கின்றன. பிள்ளைகள் தலையெடுத்த குடும்பங்கள் தாமான் வீடுகளுக்குப் போய்விட்டன. மற்ற வீடுகளில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள்.

அன்று சாயங்காலம் பின்கட்டில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். அக்கா பலகையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அடுத்த வீட்டுப் பக்கமிருந்து "வீக்... வீக்..." என்று ஒரு சத்தம். குருவிக் குஞ்சோ என்று நினைத்தேன். அக்கா நறுக்குவதை நிறுத்தினால் அதுவும் நின்றது. கத்தி பலகையில் பட்டதும் மறுபடி கிளம்பியது.

"அது பக்கத்து வீட்டுப் பையனோட எலி. காய் நறுக்குற சத்தம் கேட்டா கத்தும்" என்றார் அக்கா.

எழுந்து போய்ப் பார்த்தேன். தகரக் கூரையின் கீழே ஒரு கம்பிக் கூண்டு. மேற்கு வெயில் நேராக அதன்மேல் அடித்தது. அடித்தட்டும் கம்பிதான். ஒரு மூலையில் காய்ந்த சோறும் ரொட்டித் துண்டும் கிடந்தன. தண்ணீர் போத்தல் பாசி பிடித்துக் காலியாக இருந்தது. நடுவில் வெள்ளையும் தவிட்டு நிறமும் கலந்த ஒரு கினிப் பன்றி. நகங்கள் வளர்ந்து சுருண்டிருந்தன. பின்னங்கால்களை இழுத்து இழுத்து நகர்ந்து வந்து என் விரலை மோந்து பார்த்தது.

முதலில் தண்ணீரை ஊற்றினேன். தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்க யார் அனுமதியும் தேவையில்லை. ஆனால் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இதோட விட்டுடு. வாயத் தொறக்காதே. ஒரே சுவருக்கு ரெண்டு பக்கமும் இருக்கோம். நீ ஒரு வாரத்துல பஸ் ஏறிடுவே. நான்தான் இங்க அவங்க முகத்துல முழிக்கணும்."

அக்கா சொன்னதில் நியாயம் இருந்தது. லயத்தில் அவசரத்துக்கு ஓடி வருவது பக்கத்து வீடுதான். ஒரு சொல்லில் அந்த உறவு முறிந்துவிடும்.

இரவு தூக்கம் வரவில்லை. விடியுமுன் எழுந்து, கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு முதல் பஸ்ஸில் போய்விட்டால் என்ன என்றுகூட நினைத்தேன். திருட்டு என்று மனம் சொன்னது. புண்ணியம் என்று அதே மனம் மறுபடியும் சொன்னது.

கேட்டுத் திறந்த கதவு

காலை ஐந்து மணிக்குத் தொழிற்சாலை பஸ் வந்து ஹாரன் அடித்தது. பக்கத்து வீட்டு அம்மாள் ஈரத்தலையோடு ஓடிப்போய் ஏறினார். கணவர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுநர்; எந்நேரம் வருவார் என்று சொல்ல முடியாது. வீட்டில் இருப்பது பத்து வயதுப் பையன் ஒருவன். அந்த ஹாரன் சத்தத்தில் என் கோபம் பாதி கரைந்தது. அது கொடுமைக்காரர் வீடல்ல, ஓய்வில்லாதவர் வீடு.

பள்ளி விட்டு வந்த பையனிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"தம்பி, இதுக்கு என்ன பேரு?"

"ஜாக்கி, மாமா. பசார் மாலாமில அம்மா வாங்கிக் கொடுத்தாங்க."

"கையில எடுத்து வெச்சுக்குவியா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "முன்ன எடுப்பேன். இப்ப தொட்டா கத்துது. பயமா இருக்கு."

"அதுக்கு உடம்பு வலிக்குது போல. கூண்டைக் கழுவி நிழல்ல வைக்கலாமா? அம்மாகிட்ட கேட்டுட்டு வந்து சொல்லு. அம்மா சரின்னா ரெண்டு பேருமா செய்வோம்."

மாலையில் அந்த அம்மாளே வந்தார். முகம் சிவந்திருந்தது. "எங்க வீட்டுக் குறையைப் பார்க்கவா அண்ணே மலாக்காவுக்கு வந்தீங்க?" என்றார்.

"இல்ல தங்கச்சி. எனக்கு ஒரு வாரம் வேலை இல்ல. உங்களுக்கு ஒரு மணி நேரம்கூட ஓய்வு இல்ல. என் நேரத்துல கொஞ்சம் எடுத்துக்குங்கன்னு சொல்ல வந்தேன்."

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு கூண்டைப் பார்த்து, "சோறு போட்டா போதும்னு நெனச்சேன் அண்ணே. வாங்கும்போது ஒருத்தரும் ஒன்னும் சொல்லல" என்றார்.

ஒல்லாந்து எலி

மறுநாள் மலாக்கா பட்டணத்துக்குப் போனேன். ஆற்றோரம் டச்சுக்காரர் கட்டிய மாளிகை இன்று சிவப்புச் சாயத்தோடு நிற்கிறது. சுற்றுலாப் பயணிகள் கூட்டம் கூட்டமாகப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஆற்றைக் கடந்து பொற்கொல்லர் தெருவுக்குப் போனால் பொய்யாத விநாயகர் கோயில். டச்சுக்காரர் ஆட்சியின்போது 1781-இல் மலாக்காச் செட்டி மக்கள் எழுப்பிய கோயில் அது. விநாயகருக்கு ஒரு கும்பிடு போட்டேன். காலடியில் மூஞ்சூறைப் பார்த்ததும் ஜாக்கி நினைவு வந்தது.

மலாய்க்காரர்கள் கினிப் பன்றியை 'திக்குஸ் பெலாண்டா' என்கிறார்கள். அதாவது ஒல்லாந்து எலி. வான்கோழி அவர்களுக்கு 'ஆயாம் பெலாண்டா', முள்சீத்தாப் பழம் 'டுரியான் பெலாண்டா'. வெளியூரிலிருந்து வந்ததையெல்லாம் நாம் 'சீமை' என்று சொல்வதில்லையா, அதுபோலத்தான். உண்மையில் இது ஒல்லாந்து நாட்டதும் அல்ல, கினி நாட்டதும் அல்ல, பன்றியும் அல்ல. பெரு நாட்டு மலைவாசிகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வீட்டில் வளர்த்துவந்த பிராணி.

டச்சுக்காரருக்கும் இதற்கும் வேறொரு வழியில் உறவு உண்டு. அந்தக் காலக் கப்பலோட்டிகள் மாதக் கணக்கில் காய்ந்த ரொட்டியும் உப்புக்கண்டமும் தின்று, ஈறு வீங்கி, மூட்டு வலித்து, ஸ்கர்வி நோயால் செத்தார்கள். அவர்களுக்குப் பச்சைக் காய்கறி தருவதற்காகவே 1652-இல் யான் வான் ரீபெக் என்ற டச்சுக்காரர் ஆப்பிரிக்காவின் தென்முனையில் தோட்டம் போட்டார். அதே மனிதர் 1662 முதல் 1665 வரை மலாக்காவின் ஆட்சித் தலைவராக இருந்தார்.

மற்றப் பிராணிகளில் பெரும்பாலானவை வைட்டமின் சி-யைத் தம் உடம்பிலேயே உண்டாக்கிக்கொள்ளும். மனிதனால் முடியாது, கினிப் பன்றியாலும் முடியாது. 1907-இல் நார்வே நாட்டு ஆய்வாளர் இருவர் தானியமும் ரொட்டியும் மட்டுமே கொடுத்துப் பார்த்தபோது, கப்பலோட்டிகளுக்கு வந்த அதே நோய் இதற்கும் வந்தது. ஜாக்கி பின்னங்காலை இழுத்ததும், தொட்டால் கத்தியதும் ஏன் என்று இப்போது புரிகிறதல்லவா?

வைத்தியர் சொன்னது

பட்டணத்தில் ஒரு பிராணி வைத்தியரைக் கண்டு விவரம் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "இது உங்களுடையதா?" என்பதுதான். இல்லை என்றதும், "அப்படியானால் உடையவரையும் அழைத்து வாருங்கள். அவர் சம்மதம் இல்லாமல் நான் மருந்து கொடுப்பது முறையல்ல. அதோடு, நாளை அதைப் பார்த்துக்கொள்ளப் போவது அவர்தானே" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாளுக்கு ஓய்வு நாள். நாங்கள் மூவரும் ஒரு பெட்டியில் துணி விரித்து ஜாக்கியை எடுத்துப் போனோம். வைத்தியர் நகம் வெட்டினார். பற்களைச் சோதித்தார். வைட்டமின் சி சொட்டு மருந்து கொடுத்தார். அவர் பொறுமையாக விளக்கியதை நம் வீட்டுப் பிள்ளைகளுக்காக இங்கே எழுதுகிறேன்.

இதற்கு உணவு புல்தான். பச்சைப் புல்லோ உலர்ந்த புல்லோ நாள் முழுவதும் கூண்டில் இருக்க வேண்டும். பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருப்பதால், புல்லை அரைத்து மென்றால்தான் தேயும். சோறு, ரொட்டி, பிஸ்கட், வெங்காயம், உருளைக்கிழங்கு கூடாது. தினமும் ஒரு துண்டு குடைமிளகாய், கொஞ்சம் கொத்தமல்லித் தழை, எப்போதாவது சிறு கீற்றுக் கொய்யா. தண்ணீரை நாள்தோறும் மாற்ற வேண்டும்.

இது குளிர்ந்த மலைநாட்டுப் பிராணி. நம் ஊர் மத்தியான வெயில் இதைக் கொன்றுவிடும். நிழலும் காற்றும் உள்ள இடத்தில் கூண்டை வைக்க வேண்டும். உச்சி வேளையில் போத்தலில் தண்ணீரை உறைய வைத்து, துணி சுற்றிப் பக்கத்தில் வைத்தால் சாய்ந்து படுத்துக்கொள்ளும். கம்பித் தட்டு பாதத்தைப் புண்ணாக்கும். மேலே பலகையோ கனத்த துணியோ போட வேண்டும்.

தனிமையும் இதற்கு ஆகாது. சுவிட்சர்லாந்தில் 2008-இல் வந்த சட்டப்படி ஒன்றை மட்டும் தனியாக வளர்க்கக் கூடாது. ஆனால் ஆணையும் பெண்ணையும் சேர்த்து வைத்தால் சீக்கிரம் பெருகிவிடும். இருக்கிற ஒன்றைப் பார்க்க முடியாத வீட்டில் இரண்டாவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

தோட்டத்து மக்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மருந்து தெளித்த நிரையில் புல் அறுக்காதீர்கள். நம் பெண்கள் முதுகில் சுமந்து தெளித்த பாராகுவாட் 2020 ஜனவரியில் தடை செய்யப்பட்டது. ஆனால் வேறு களைக்கொல்லிகள் இன்னும் தெளிக்கப்படுகின்றன. வீட்டோரத்துப் புல்லே நல்லது. அதையும் கழுவிப் போடுங்கள்.

சொல்லியும் கேளாதவர்கள் இருந்தால் என்ன செய்வது? அதற்குச் சட்டம் இருக்கிறது. முன்பு பிராணிகளை வதைத்தால் அபராதம் 200 வெள்ளிதான். 2015-ஆம் ஆண்டின் பிராணி நலச் சட்டம் 2017 முதல் நடப்பில் உள்ளது. இதன்படி வதைத்த குற்றத்துக்கு 20,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதம், அல்லது மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கலாம். கால்நடை மருத்துவ இலாகாவிடம் யாரும் புகார் செய்யலாம். ஆனால் அது கடைசிக் கதவு. முதல் கதவு அடுத்த வீட்டுக் கதவுதான்.

கொத்தமல்லித் தகரம்

சன்னாசிமலையில் கும்பிட்டு, அக்கா கட்டிக்கொடுத்த சோற்றோடு ஊர் திரும்பினேன். தீபாவளிக்கு மறுபடி போனபோது பக்கத்து வீட்டுப் பின்கட்டில் மாமரத்து நிழலில் கூண்டு இருந்தது. ஜாக்கிக்கு ஒரு பின்னங்கால் கொஞ்சம் விந்தல்தான். அது முழுதாகச் சரியாகவில்லை. ஆனாலும் பையனின் காலடிச் சத்தம் கேட்டதும் கம்பியோரம் வந்து நின்று கத்தியது. பக்கத்தில் ஒரு பால்மாவுத் தகரத்தில் கொத்தமல்லி முளைத்திருந்தது. பையன் தானே விதைத்தானாம்.

அந்த அம்மாள் முறுக்குத் தட்டோடு வந்தார். அன்றிரவு எனக்கு வந்த திருட்டு யோசனையை அவரிடம் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"நல்ல வேளை செய்யல அண்ணே. செஞ்சிருந்தா பையன் அழுவான்னு மறுவாரமே இன்னொன்னு வாங்கி, அதே கூண்டுல விட்டிருப்பேன்" என்றார்.

நான் யோசித்துப் பார்த்தேன். நம் லயத்துக் கூரை ஒழுகியபோது ஆபீசில் சொல்லிவிட்டு மாதக் கணக்கில் காத்திருந்த அனுபவம் நமக்கு உண்டு. கூரை அவர்களுடையது, நனைந்தது நம் பிள்ளைகள். அடுத்தவர் கையை நம்பிக் காத்திருப்பது எப்படியிருக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

உங்கள் அடுத்த வீட்டிலும் ஒரு கூண்டு இருக்கலாம். முயலோ கிளியோ கட்டிப்போட்ட நாயோ எதுவாகவும் இருக்கட்டும். குறை சொல்லப் போகாதீர்கள். ஒரு கட்டுப் புல்லோடு போய், "நான் கொஞ்சம் கை கொடுக்கவா?" என்று கேளுங்கள். அதைக் கேட்டுக் கதவைச் சாத்துகிறவர்கள் மிகச் சிலரே.