கச்சை கட்டிய ஈ

சென்ற தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நான் ஓர் உயிரைக் கொன்றேன். அதற்குக் காரணம் கோபமன்று. அதன் பெயரை அறியாமையே.

எங்கள் வளவிலே கிணற்றடியை ஒட்டிச் சிறியதொரு பயற்றைப் பந்தல் உண்டு. கொடி நுனிகளிலெல்லாம் அழுக்கணவன் மொய்த்திருந்தது. நீர் தெளித்து அதனைக் கழுவிக்கொண்டிருந்தேன். அப்போது மஞ்சளும் கறுப்புமாய் வரியிட்ட பூச்சியொன்று என் பேர்த்தியின் முகத்துக்கு நேரே அந்தரத்தில் அசையாது நின்றது. குளவியென்று எண்ணித் தோளிற் கிடந்த துவாயால் ஓங்கி அடித்தேன். அது மண்ணில் விழுந்தது.

பேர்த்தி உயிரியல் பயில்பவள். அதனை ஓர் இலையில் ஏந்தி என்னிடம் நீட்டினாள்.

"அப்பப்பா, இது குளவியில்லை, ஈ. செட்டையை எண்ணிப் பாருங்கோ."

எண்ணினேன். இரண்டே இருந்தன. குளவிக்கும் தேனீக்கும் நான்கு சிறகுகள், ஈயினத்துக்கு இரண்டுதான். இதற்குக் கொடுக்கும் இல்லை. குளவியின் கோலம் பூண்டு, பறவைகளை அஞ்சவைத்துப் பிழைக்கும் அப்பிராணி இது. இவ்வினத்திற் பலவற்றின் குடம்பிகளுக்கு உணவு எது தெரியுமா? நான் கழுவிக்கொண்டிருந்த அதே அழுக்கணவன்! ஒரு குடம்பி வளர்ந்து முடிவதற்குள் நூற்றுக்கணக்கானவற்றைத் தின்று தீர்க்குமாம். எனக்கு உதவி செய்ய வந்த விருந்தை வாசலிலேயே அடித்து வீழ்த்தியிருந்தேன்.

"இதற்குப் பெயர் என்ன, பிள்ளை?" என்று கேட்டேன்.

ஆங்கிலேயர் இதனை அந்தரத்தில் நிற்கும் ஈ என்பர். அமெரிக்கரோ பூ ஈ என்பர். எங்கள் ஊரில் இது வெறும் பூச்சி. ஆனால் விஞ்ஞானிகள் யாவருக்கும் இது 'சிர்பிடே' குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்தில் ஏறத்தாழ 6,000 இனங்கள் உண்டு.

அன்றிரவு அவளுடைய நூல்களைப் புரட்டினேன். டென்மார்க் நாட்டறிஞர் பப்ரீசியஸ் 1775இல் 'சிர்பஸ்' என்னும் சாதிப் பெயரைச் சூட்டினார். அது கொசுகு போன்ற சிறு பூச்சியைக் குறித்த கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. குளவி போன்ற ஈக்குக் கொசுகின் பெயரா என்று முதலில் நகைத்தேன். பிறகு சிந்தித்தேன். தங்கராசா என்பவரிடம் தங்கமும் இல்லை, இராச்சியமும் இல்லை. ஆயினும் அழைத்தால் அவரே திரும்பிப் பார்க்கிறார். பெயரின் பொருள் வேறு, பயன் வேறு அன்றோ?

சில பெயர்களில் இரண்டும் அழகாகப் பொருந்துவதும் உண்டு. 'எபிசிர்பஸ் பல்தியாத்தஸ்' என்பது ஓர் இனம். 'பல்தியாத்தஸ்' என்றால் இலத்தீனிலே கச்சை கட்டியது என்று பொருள். அதன் வயிற்றிலுள்ள கறுப்புப் பட்டைகளைக் கண்டவர்கள் அப்பெயரை மறக்கமாட்டார்கள். இங்கிலாந்திலோ யப்பானிலோ ஒருவர் அவ்விரு சொற்களை எழுதினால், படிப்பவர் எம்மொழியினராயினும் அதே ஈயையே நினைக்கிறார். ஒருவர் கண்டறிந்தது எல்லோருக்கும் பயன்படுவது இதனாலேதான்.

பெயர்ப் பிழை நீண்ட காலம் நிலைப்பதும் உண்டு. இறந்த எருதின் உடலிலிருந்து தேனீக்கள் பிறக்கும் என்று பண்டைக் கிரேக்கரும் உரோமரும் நம்பினர். அவர்கள் கண்டவை தேனீக்களல்ல, தேனீயைப் போன்ற 'எரிஸ்தாலிஸ் தெனாக்ஸ்' என்னும் ஈக்களே என்று 1894இல் வெளியிட்ட நூலில் ஒஸ்தன் சாக்கன் என்ற ஈ ஆராய்ச்சியாளர் விளக்கினார். இதுவும் சிர்பிடே குடும்பமே. இதன் குடம்பிகள் அழுகல் நீரில் வளர்பவை. பேரறிஞர்களும் ஏமாந்த இடத்தில் நானும் ஏமாந்தேன் என்று சொல்லித் தேறலாம். ஆனால் இலையிற் கிடந்த அந்த உயிர் அதனால் மீளப்போவதில்லை.

இப்போது நான் பயற்றைப் பந்தலடிக்குத் துவாயுடன் போவதில்லை. சென்ற கிழமை அயல்வீட்டுச் சிறுவன் அங்கே நின்ற ஒரு வரிப்பூச்சியை நோக்கி ஈர்க்குக் கட்டை ஓங்கினான். ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தேன்.

"பொறு, தம்பி. முதலிலே செட்டையை எண்ணு."