விடை தெரியாமல் போட்ட முடிச்சு

மல்டருக்குப் பன்னிரண்டு வயது. தங்கை சமந்தாவுக்கு எட்டு. 1973 நவம்பரில் ஒரு ராத்திரி அவள் வீட்டிலிருந்து காணாமல் போகிறாள். அவளை யார் கொண்டுபோனார்கள்? ‘தி எக்ஸ்-ஃபைல்ஸ்’ தொடரின் தொடர்கதை முழுக்க இந்த ஒரு கேள்வியில் முளைத்ததுதான்.

நான் தமிழ் நெடுந்தொடர்களுக்குத் திரைக்கதை எழுதுகிறவன். இந்த அமெரிக்கத் தொடரின் முதல் ஐந்து சீசன்களை ரசிகனாகப் பார்த்தேன். மீதியைத் தொழில்காரனாக, தையல் எங்கே விட்டது என்று தேடிக்கொண்டே பார்த்தேன்.

1993 செப்டம்பரில் கிறிஸ் கார்ட்டர் தொடங்கிய தொடர் அது. எஃப்.பி.ஐ. ஒதுக்கிவைத்த, விளக்கம் கிடைக்காத வழக்குகள். எதையும் நம்பத் தயாராக இருக்கும் மல்டர், எதற்கும் சான்று கேட்கும் டாக்டர் ஸ்கல்லி. அந்த வாரத்தோடு முடியும் தனிக்கதைகள் ஒரு பக்கம். வேற்றுக்கிரகத்தாரோடு சில பெரிய மனிதர்கள் செய்துகொண்ட ரகசிய ஒப்பந்தம் பற்றிய தொடர்கதை இன்னொரு பக்கம். நைந்துபோனது இந்தத் தொடர்கதைதான்.

தனிக்கதைகளில் ஒன்றைச் சொல்கிறேன். மூன்றாவது எபிசோடான ‘ஸ்குவீஸ்’. முப்பது வருடத்துக்கு ஒருமுறை விழித்து, ஐந்து பேரின் ஈரலைத் தின்றுவிட்டு மறுபடி உறங்கப் போகிறவன் டூம்ஸ். எவ்வளவு சின்ன இடுக்கிலும் உடம்பை நீட்டிப் புகுந்துவிடுவான். ஒருவழியாகப் பிடித்து அடைக்கிறார்கள். சாப்பாட்டைத் தள்ளுவதற்காக அறைக் கதவில் இருக்கும் சந்து திறக்கிறது. அவன் அதைப் பார்க்கிறான், சிரிக்கிறான். அவ்வளவுதான். வசனமே இல்லை. அதை எழுதிய க்ளென் மார்கனும் ஜேம்ஸ் வாங்கும் அந்தச் சந்தை மனதில் வைத்துக்கொண்டுதான் முதல் காட்சியைத் தொடங்கியிருக்க வேண்டும். எழுதுகிறவனுக்கு அது தெரியும். போய்ச்சேரும் இடம் தெரிந்த நடை வேறு மாதிரி இருக்கும்.

ஸ்கல்லியாக நடித்த ஜில்லியன் ஆண்டர்சன் கர்ப்பமானபோது நடந்ததை நான் ஒரு பாடமாகவே வைத்திருக்கிறேன். இரண்டாவது சீசன். கதாநாயகி கொஞ்ச காலம் திரையில் இருக்க முடியாது. நீளக் கோட்டுகளாலும் கேமரா கோணத்தாலும் வயிற்றை மறைத்தார்கள். பிறகு ஸ்கல்லியைக் கடத்த வைத்தார்கள். மலை உச்சிக்கு ஓடிவரும் மல்டருக்கு அவள் கழுத்தில் கிடந்த சின்னச் சிலுவை மட்டும் கிடைக்கிறது. பின்னால் அவள் கழுத்தில் கண்டெடுக்கும் சில்லு, வந்த புற்றுநோய், இழந்த தாய்மை, எல்லாம் அந்த ஒரு கடத்தலில் கிளைத்தவை. ஒரு நடிகையின் விடுப்பைச் சமாளிக்க எழுதியது பல வருடங்களுக்குச் சோறு போட்டது. காரணம், நடந்தது ஸ்கல்லியின் உடம்புக்கு. அதை அழித்து எழுத யாராலும் முடியவில்லை.

ஏழாவது சீசன் முடிவில், 2000-இல், மல்டர் கடத்தப்பட்டார். மல்டராக நடித்த டேவிட் டுகோவ்னி விலக விரும்பியதால் வந்த ஏற்பாடு. ஸ்கல்லி காணாமல் போனபோது தேடுவதற்கு மல்டர் இருந்தார். தேடலே அவர் குணம். மல்டரே போனபின் நமக்குக் காத்திருப்பு மட்டும் மிஞ்சியது. மல்டருக்குப் பதிலாக வந்த ராபர்ட் பேட்ரிக் நன்றாகவே நடித்தார். ஆனால் அந்த இடத்தை நிரப்பும் பாரத்தை அவர் தலையில் வைத்தது நியாயமில்லை.

விரிசல் அதற்கு முன்பே விழுந்திருந்தது. 1998 கோடையில் வெளிவரப்போகும் சினிமாவை முந்தின வருடமே எடுத்து முடித்துவிட்டார்கள். அதனால் ஐந்தாவது சீசனை, ஏற்கெனவே படம்பிடித்த கதையில் போய்ச் சேரும்படி எழுத வேண்டியிருந்தது. அடுத்த வருடம், அந்த ஒப்பந்தம் செய்த ரகசியக் குழுவினரைக் கிட்டத்தட்ட மொத்தமாக எரித்துக் கொன்றார்கள். சதிகாரர்கள் போனபிறகும் சதி நீண்டது. கடைசியில் சமந்தா? பல விடைகளைக் காட்டி ஒவ்வொன்றாக மறுத்தபின், 2000-இல் அவள் நட்சத்திர ஒளியாகிவிட்டாள் என்றார்கள். அந்த எபிசோடில் மல்டரின் முகத்தில் தெரியும் அமைதி எனக்குப் பிடிக்கும். ஆனாலும் ஏழு வருடம் சான்று கேட்டுப் பழகிய பார்வையாளருக்கு அது விடையாகாது.

விடை தெரியாமல் முடிச்சுப் போடும் இந்தத் தவறை நானும் செய்திருக்கிறேன். ஒரு தொடரில் செத்துப்போன அப்பாவின் பூட்டிய பெட்டியை வைத்தேன். உள்ளே என்ன என்று எனக்கே தெரியாது. டிஆர்பி ஏறியது. டிஸ்கஷனில் “இந்த ட்ராக்கை இன்னும் இழுக்கலாம் சார்” என்றார்கள், நானும் இழுத்தேன். திறந்தபோது உள்ளே ஒரு பத்திரம். மறுநாள் எங்கள் தெருவில் பூ விற்கும் அக்கா, “இதுக்காப்பா இத்தனை நாள் உக்காத்தி வச்ச?” என்று கேட்டார். அன்றிலிருந்து, பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று நோட்டில் எழுதிவைக்காமல் பெட்டியைக் கதைக்குள் கொண்டுவருவதில்லை.

‘எக்ஸ்-ஃபைல்ஸ்’ அந்தத் தவறை விடவில்லை. சதிகாரர்களில் தப்பியவரும் 2002-இல் ஏவுகணைத் தீயில் கருகியவருமான சிகரெட் மனிதர், 2016-இல் வந்த குறுஞ்சீசனில் உயிரோடு வந்தார். அந்தக் குறுஞ்சீசன் முடிவில் கொள்ளைநோய் பரவியது, தலைக்கு மேல் விண்கலம் நின்றது. இரண்டு வருடம் காத்திருந்தவர்களிடம் 2018 ஜனவரியில், அது ஸ்கல்லி கண்ட வெறும் மனக்காட்சி என்றார்கள். அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. பார்வையாளர் பட்ட பயத்தைப் பொய்யென்று அறிவிக்கும் உரிமை எழுத்தாளனுக்குக் கிடையாது.

அதே 2016 சீசனில்தான் டேரின் மார்கனின் கதையும் வந்தது. மனிதன் கடித்ததால் மனிதனாக மாறிவிடும் பல்லிப் பிராணி. வேலை தேடுகிறது, கடனை நினைத்துக் கவலைப்படுகிறது. கடைசியில் மல்டரின் கையைக் குலுக்கிவிட்டுக் காட்டுக்குள் ஓடுகிறது. அதே நடிகர்கள், அதே சீசன். ஆனால் அதில் அவ்வளவு உயிர்.

புதிதாகப் பார்க்கப் போகிறவர்கள் முதல் ஐந்து சீசன்களை வரிசையாகப் பாருங்கள். அதற்குப் பிறகு தனிக்கதைகளை மட்டும் பொறுக்கி எடுங்கள். ‘மை ஸ்ட்ரகிள்’ என்ற தலைப்பில் வரும் நான்கு தொடர்கதை எபிசோடுகளையும் விட்டுவிடுங்கள்.