கைக்கணக்கு

கார்ச் சக்கரத்தின் நட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதற்கு ஓர் எண் இருக்கிறது. சின்னக் கார்களுக்குப் பெரும்பாலும் 100 நியூட்டன் மீட்டரை ஒட்டி வரும். வண்டியோடு தரும் கையேட்டில் போட்டிருப்பார்கள். அந்த எண்ணில் நிறுத்துவதற்கென்றே டார்க் ரெஞ்ச் என்றொரு கருவி உண்டு. கைப்பிடியில் அளவை வைத்து முடுக்கினால், அளவு வந்ததும் 'க்ளிக்' என்கும். அதோடு கையை எடுத்துவிட வேண்டும்.

நான் வண்டி விடும் பட்டறைகளில் அது அலமாரிக்குள் பெட்டியோடு இருக்கும். இஞ்சின் ஹெட் போல்ட்டுக்கு மட்டும் வெளியே வரும். சக்கரத்துக்குக் கைக்கணக்குதான். ஸ்பேனரில் பைப்பைச் செருகி ஏறி ஒரு மிதி. "நல்லா ஏத்திட்டேங்க்கா, பயமில்லாமப் போங்க" என்பார் தம்பி. அக்கறையாகத்தான் சொல்கிறார்.

பண்ருட்டியிலிருந்து நெய்வேலிக்குத் தனியாகப் போன ஒரு மாலை, காடாம்புலியூர் தாண்டி, முந்திரித் தோப்போரம் பின்சக்கரம் பஞ்சர். ஸ்டெப்னி இருந்தது, ஜாக்கி இருந்தது, மாற்றவும் தெரியும். ஜாக்கி போடுமுன் நட்டைத் தளர்த்தப் பார்த்தேன், ஒன்றுகூட அசையவில்லை. ஸ்பேனர்மேல் ஏறியே நின்றேன். பைக்கை நிறுத்திய இருவர் முதலில் கேட்டது, "கூட ஆம்பளைங்க யாரும் வரலியாம்மா?" அவர்கள் இருவரும் சேர்ந்து மிதித்த பிறகே முதல் நட்டு இளகியது.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். என் எடை 60 கிலோ. கால் மீட்டர் ஸ்பேனரைப் படுக்கைவாட்டில் வைத்து அதன் முனையில் நான் நின்றால் 147 நியூட்டன் மீட்டர் கிடைக்கும். 100-இல் நிறுத்திய நட்டு, துருவேறாமல் இருந்தால், எனக்கே கழன்றிருக்கும். என் வலுவில் குறையில்லை; அதை மிஞ்சும்படி இறுக்கி வைத்திருக்கிறார்கள். இதில் பாதுகாப்பும் இல்லை. அளவு மீறினால் போல்ட் இழுபட்டு நீளும், மரை கெடும், பிரேக் டிஸ்க் கோணலாகலாம்.

இந்த விசைக்குத் தமிழில் முறுக்குவிசை என்று பெயர். மீசைக்கும் அதே வினைதான், மொழிக்குத் தெரியாததா!

ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படிக்க ஆசைப்பட்டு, "கைவலு வேணும், பொண்ணுக்கு ஆகாது" என்று தடுக்கப்பட்டுத் தமிழ் இலக்கியத்துக்கு வந்து சேர்ந்த மாணவி ஒருத்தி என் வகுப்பில் இருக்கிறாள். யாப்பில் கெட்டிக்காரி. எனக்கு நல்ல மாணவி கிடைத்தாள் என்று என்னால் மகிழ முடியவில்லை. டெல்லி சஞ்சய் காந்தி டிரான்ஸ்போர்ட் நகரில் சாந்தி தேவி லாரிச் சக்கரங்களையே கழற்றி மாட்டியவர் என்று அவளிடம் சொன்னேன். "அவங்க அப்பா விட்டாராம்மா?" என்றாள். அவளுக்கு அந்த க்ளிக் சத்தம் எப்படி வருகிறதென்று தெரியும். உள்ளே ஸ்பிரிங் இருக்கிறது, வேலை முடிந்ததும் அளவைக் கீழே இறக்கி வைக்காவிட்டால் அது தளர்ந்து கணக்குப் பிசகும் என்று எனக்குச் சொன்னதே அவள்தான்.

இப்போதெல்லாம் பட்டறையில் பெட்டியைத் திறக்கச் சொல்கிறேன். பணம் கொடுக்குமுன் என் ஸ்பேனரால் ஒரு நட்டை நானே தளர்த்திப் பார்க்கிறேன். திரும்ப ரெஞ்சை எடுக்கணுமே என்று தம்பி முனகுவார். எடுக்கட்டும்.